அங்கேயும் கிரவுண்டு இருக்கும்

"அடுத்த வருசம் திருப்பூருக்குப் போயிருவோம் சார்" என்று அவள் சொன்னாள். "அதுக்கென்னம்மா, அங்கேயும் கிரவுண்டு இருக்கும்" என்று நான் சொன்னேன். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, மைதானத்து வேப்பமரத்தடியில் நடந்த பேச்சில் சொல்லுக்குச் சொல் நினைவில் நிற்பவை இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மாணவியை மறுநாள் தேர்வுக்கு அழைத்துச் செல்லாமல் நிறுத்தியது சரியா தவறா என்று பலமுறை எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் சரி என்று தோன்றும், சில நாள் தோன்றாது. ஆனால் நான் சொன்ன அந்தப் பதில் மட்டும் எந்த நாளிலும் சரியாகத் தோன்றியதில்லை.

அவளுக்கு அப்போது 12 வயது முடிந்திருந்தது. ஏழாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, எட்டாம் வகுப்பை விடுதியில் படிக்கும் ஆசையோடு இருந்தாள். 600 மீட்டர்தான் அவளுடைய ஓட்டம். ஓடும் அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கைகள் அகன்று ஆடும், தலை இடப்பக்கம் சாயும். ஆனால் கடைசி 150 மீட்டரில் மற்றப் பிள்ளைகளுக்குக் கால் கனக்கத் தொடங்கும்போது, அவள் மட்டும் புறப்பட்ட வேகத்திலேயே வந்துகொண்டிருப்பாள். இது பயிற்சியால் மட்டும் வந்துவிடுவது அல்ல என்பதைப் பயிற்சி கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஜனவரியில் அவளுடைய வலது முழங்கால் சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. படி ஏறும்போது வலிக்கிறது என்றாள். அவளுடைய அம்மா, "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தானே செய்யும்" என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். நான் மீன்கடையில் ஐஸ் வாங்கிவரச் செய்து, துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எண்ணெயானாலும் ஐஸானாலும் இரண்டும் மறுநாள் அவளை ஓடவைப்பதற்கான ஏற்பாடுகளே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில்தான் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தோம். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார்கள். 1903ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆஸ்குட்டும் சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டரும் தனித்தனியே எழுதிவைத்த பழைய நோய் அது. வளரும் வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீள்கிறது. தசையும் தசைநாரும் அந்த நீளத்துக்கு உடனே ஈடுகொடுப்பதில்லை. தொடையின் முன்தசை முழங்கால் சில்லு வழியாகக் கணைக்கால் எலும்பின் மேல்முனையைப் பற்றியிருக்கும் இடம், அந்த வயதில் இன்னும் முழுமையாக எலும்பாகாத குருத்து. ஓடும்போதும் குதிக்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் தசை அந்தக் குருத்தைத்தான் இழுக்கிறது. இழுத்து இழுத்து அது புண்பட்டுப் புடைக்கிறது. மருத்துவர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, "எலும்பு வளர்ச்சி முடிஞ்சா பெரும்பாலும் தானா சரியாயிரும். வலி தாங்குற அளவுல இருந்தா ஓடலாம், ரொம்ப இருந்தா ஓய்வு குடுங்க" என்றார். தாங்குகிற அளவை யார் அளப்பது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. நான்தான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு வந்துவிட்டேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அவளை மரத்தடித் திண்ணையில் உட்காரவைத்து, அந்தப் புடைப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். "வலிக்குதாம்மா?" "இல்ல சார்." இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "இப்ப?" "இல்ல சார்." முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் செம்மண்ணில் ஊன்றியிருந்த அவளுடைய வெறுங்காலின் பெருவிரல், நான் அழுத்தும் ஒவ்வொரு முறையும் மடங்கி மண்ணைக் கீறியது. நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது முறையும் அழுத்தினேன். அது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. முதல் முறையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான், "இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் திருப்பூர் என்றாள். நான் கிரவுண்டு என்றேன்.

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர் கேட்கும் 'வலிக்குதா' என்பதற்கு 'இல்ல சார்' என்ற ஒரே விடைதான் உண்டு. அந்த விடையை நாங்கள்தான் ஆண்டுக்கணக்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை அடுத்த போட்டிப் பட்டியலில் விட்டுவிடுவோம், சொல்லாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு இது புரிய ஒரு பருவம் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு பையன் விலை கொடுத்திருக்கிறான். அதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, நீளம் தாண்டும் 15 வயது மாணவன் ஒருவனுக்கும் இதே இடத்தில் புடைப்பு இருந்தது. இதே கேள்வியைக் கேட்டேன். இதே விடையைச் சொன்னான். நான் சந்தோஷமாக நம்பினேன். பலகையில் கால் ஊன்றி எழும்பிய நொடியில் குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. தசைநார் பற்றியிருந்த எலும்புத் துண்டு பெயர்ந்துவிட்டது. திருகாணி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அரிதாக நடப்பது என்றார்கள். நடந்ததை அருகிலிருந்து கேட்டவனுக்கு 'அரிது' என்ற சொல் பெரிய ஆறுதல் அல்ல. அவன் இப்போது சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டான். அந்த டீயைக் குடிப்பது எனக்கு அத்தனை எளிதாக இல்லை.

ஆகவே அந்த மாலையில் நான் அழுத்திப் பார்த்தது ஒரு முழங்காலை. மனத்தில் வைத்திருந்தது வேறொரு முழங்காலை. நிதானமாக ஓடும் ஒரே ஒரு 600 மீட்டர் தேர்வு ஓட்டத்தில், அதிலும் 12 வயதுப் பெண்பிள்ளைக்கு, அப்படிப் பெயர்ந்துவிடும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது எனக்கு அன்றும் தெரியும். கேட்பவர்களிடம் நான் சொல்லும் காரணம் வேறு: தேர்வாகியிருந்தால் விடுதியில் காலையும் மாலையும் கடும் பயிற்சி இருக்கும், அந்தக் காலோடு அதைத் தாங்கமாட்டாள், நடுவில் திரும்பி வருவதைவிடப் போகாமல் இருப்பது நல்லது. இது நியாயமான காரணம்தான். ஆனால் விடுதிப் பயிற்றுநரிடம் ஒரு வார்த்தை பேசி, மூன்று மாதம் ஓட்டத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம் என்பது அப்போது என் நினைவுக்கே வராமல் போனதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் காரணமாகும்.

விடுதி என்பது எங்கள் பிள்ளைகளுக்கு என்ன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மூன்று வேளை முட்டையோடும் பாலோடும் கூடிய சாப்பாடு, காலணி, படிப்பு, பிறகு சான்றிதழ்கள், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு. பி.டி. உஷா 1976இல் கண்ணூரின் விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது அவருக்கும் வயது 12தான். இதை நான் கோடை முகாமில் ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அந்த ஆண்டும் சொல்லியிருந்தேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய்ப்பை இத்தனை பெரிதாகக் காட்டிவிட்டு, பிறகு அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைச் சிறிதாக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவளுடைய அம்மாவிடம் அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். மருத்துவர் சொன்னதில் 'ஓடலாம்' என்ற பாதியை விட்டுவிட்டு, 'ஓய்வு' என்ற பாதியை மட்டும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். எதிர்த்துக் கேட்டிருந்தால் ஒருவேளை நான் மாறியிருப்பேன் என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். இது அவர்மேல் பழியைத் தள்ளும் வேலை என்பதும் தெரிகிறது.

இந்த நிறுத்தலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, கேள்வியே வேறு என்று பட்டது பல மாதங்கள் கழித்து, பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோதுதான். வளரும் பிள்ளை எல்லா விளையாட்டும் சேர்த்து வாரத்துக்குத் தன் வயதைவிட அதிக மணிநேரம் பயிற்சி செய்யக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. 12 வயது என்றால் 12 மணி நேரம். சட்டம் அல்ல, கைக்கணக்குதான். ஆனாலும் காயங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது. அவள் வாரம் ஐந்து நாள் காலையில் ஒரு மணி, மாலையில் ஒன்றரை மணி, சனிக்கிழமை மூன்று மணி என்று நானே எழுதிவைத்திருந்தேன். கூட்டினால் பதினைந்தரை. ஒடிசாவின் புதியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவன் 2006 மே மாதத்தில் புரிக்கும் புவனேஸ்வருக்கும் இடையே 65 கிலோமீட்டர் ஓடியபோது, பதறிப்போய்ப் பேசியவர்களில் நானும் ஒருவன். 65 கிலோமீட்டர் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பதினைந்தரை மணி என் கையெழுத்திலேயே இருந்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினைந்தரையிலும் ஓட்டம் பாதிதான். மீதி கோ-கோ. களத்தில் ஒன்பது பேர் வேண்டும். எங்கள் பள்ளியில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களில் மைதானத்துக்கு வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், ஓடுகிறவளே கோ-கோவிலும் ஆட வேண்டும், தொடர் ஓட்டத்திலும் ஓட வேண்டும். கோ-கோவில் எட்டுப் பேர் கட்டங்களில் குந்தியிருப்பார்கள். முதுகில் தட்டி 'கோ' சொன்ன நொடியில் குந்திய நிலையிலிருந்தே பாய்ந்து எழ வேண்டும். அப்படி எழுகிறபோது தொடைத் தசை இழுப்பது மிகச் சரியாக அந்தப் புளியங்கொட்டை இருந்த இடத்தை. சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டம் வரை போனோம். கோப்பையைத் தலைமையாசிரியர் அறையில் வைத்திருக்கிறார்கள்.

சாமான் அறைச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவைப்பது என் வழக்கம். ஜூனில் அவளுக்கு ஒரு கோடு, டிசம்பரில் ஒரு கோடு. இடையில் நாலரை சென்டிமீட்டர். பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகள் 14ஐ ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள் என்பதும், பளுவைக் குறைக்க வேண்டிய காலம் அதுதான் என்பதும் பயிற்சி வகுப்பில் கேட்டு எழுதியவை. கோடு போட்டேன், அதைப் படிக்கவில்லை. எடை தூக்கினால் பிள்ளை வளராமல் போய்விடும் என்று இரண்டு கிலோ டம்பெல்லைப் பார்த்துப் பயப்படும் பெற்றோரிடம், முறையாகச் சொல்லிக்கொடுத்தால் அப்படி ஒன்றும் ஆகாது என்று நான் நீண்ட விளக்கம் கொடுப்பேன். தாமதமாக வந்தவர்களை மைதானத்தைச் சுற்றித் தவளைபோல் தாவவைப்பதைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒவ்வொரு தாவலிலும் முழங்காலில் இறங்குவது உடல் எடையைப் போலப் பல மடங்கு.

ஆக, தேர்வு நாளுக்கு முன் நான் காட்டிய கவனம், அந்தப் பருவம் முழுவதும் காட்டத் தவறிய கவனத்துக்கு ஈடு. அந்த ஈட்டைக் கட்டியவள் அவள். இப்படி எழுதும்போது எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் இருக்கிறது. ஆனால் கோ-கோ ஆடாமல் இருந்திருந்தால் அவள் மைதானத்துக்கே வந்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான்; தோழிகளோடு கோ-கோ ஆட வந்தவளைத்தான் நான் ஓட்டக்காரி என்று கண்டுபிடித்தேன்.

போன ஆண்டு அவளுடைய அம்மாவின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். அவள் திருப்பூரில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று உற்சாகமாகத்தான் பேசினாள். கிரவுண்டு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சார். அதுல ஸ்கூல் பஸ்ஸெல்லாம் நிறுத்தியிருப்பாங்க" என்றாள். குத்திக்காட்டும் தொனி இல்லை. அந்தப் பழைய பேச்சு அவளுக்கு நினைவிருந்ததா என்றும் தெரியவில்லை. முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது அப்பவே போயிருச்சு சார்" என்றாள்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஜூனுக்குப் பிறகு சுவரில் அவனுடைய கோடு வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. இடது முழங்காலுக்குக் கீழே இன்னும் புடைப்பு இல்லை, அழுத்தினால் மட்டும் காலை இழுத்துக்கொள்கிறான். நல்லவேளையாக அவன் வலிக்கிறது என்று வாய்விட்டே சொல்கிறான். ஓட்டத்தை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்திருக்கிறேன். குறுவட்டப் போட்டிக்கான கோ-கோ பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எட்டுப் பெயர்கள் எழுதியிருக்கிறேன். ஒன்பதாவதாக எழுத எனக்கு வேறு பையன் இல்லை என்பது அந்த எட்டுப் பேருக்கும் தெரியும், இடைவேளையில் இரண்டு பேர் வந்து, "சார், அவன எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.