ரெட்டினால் வாங்கும் முன்

தையில் கல்யாணம் வைத்திருக்கும் என் சித்தி மகள், நான் போடும் அதே ரெட்டினால் க்ரீமை வாங்கப் போனாள். ரெட்டினால் என்பது பரு, சுருக்கம், கருமைக்கு முகத்தில் போடும் ஒரு வகை வைட்டமின் ஏ. வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்கு முகம் கழுவினாலே இழுக்கும் வறண்ட சருமம். தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடு, கிளிசரின் சேர்ந்த கெட்டி க்ரீம்தான் ஒத்துவரும். அவளுக்கோ மதியத்துக்குள் மூக்கில் எண்ணெய் மின்னும், தாடையில் பரு. லேசான ஜெல்லோ சீரமோ போதும்.

கடையில் 1 சதவீதப் பாட்டில்தான் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் முக க்ரீமுக்கு 0.3 சதவீதம்தான் உச்சம் என்று ஐரோப்பிய ஒன்றியமே 2024-ல் விதி போட்டிருக்கிறது. அவளை 0.1-ல் ஆரம்பிக்கச் சொன்னேன். நம் மாநிறத்துக்கு இது ரொம்ப முக்கியம். எரிச்சல் வந்தால் சிவப்போடு போகாது, கருப்பாகப் படிந்துவிடும்; அது மறைய மாதக்கணக்காகும்.

இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று பொட்டுப் பொட்டாக வைத்துத் தடவ வேண்டும். மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் முதலிலேயே வாசலின் பூசிவிட்டால் அங்கே உரியாது. என்னைப் போல வறண்ட சருமக்காரர்கள் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போடலாம். ஆரம்பத்தில் வாரம் இரண்டு இரவு போதும். காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கட்டாயம். அப்புறம், முகத்தில் வேக்ஸிங் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ரெட்டினாலை நிறுத்துங்கள். தோலும் சேர்ந்து பிய்ந்து வரும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். "மங்குக்கு நல்லது, முகம் பளிச்சென்று ஆகும்" என்று சில மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே ஒரு ட்யூப் கொடுக்கிறார்கள். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ட்ரெடினோயின், கருமையை வெளுக்கும் ஹைட்ரோகுயினோன், கூடவே ஒரு ஸ்டீராய்டு. ரெட்டினால் தோலுக்குள் போய் மெதுவாக எந்த அமிலமாக மாறுகிறதோ அதுவேதான் ட்ரெடினோயின். அதனால்தான் அத்தனை வீரியம். ஸ்டீராய்டு முதலில் பளபளப்பைக் காட்டும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். தோல் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இப்போது ஆடி, அவளுக்கு நேரம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்குத் திட்டமிட்டால், அதற்கு முன்பே ரெட்டினாலை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.