பிரேவ்ஸ் பேஸ்பால் அணி வரலாறு, எக்செல் ஷீட்டில்: 1871 முதல் 2021 வரை

சீசனுக்கு ஒரு வரி என்ற கணக்கில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் வரலாற்றை எக்செலில் ஏற்றும் வேலை 2021 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சாம்பியன் தொடர்) வரை வந்துவிட்டது. மொத்தம் 151 வரிகள். 1871 முதல் ஓர் ஆண்டுகூட விடாமல் ஆடிவரும் தொழில்முறை பேஸ்பால் அணி இது ஒன்றுதான். சிகாகோ கப்ஸும் அதே வயதுதான், ஆனால் 1871இல் நகரமே தீக்கிரையான பின் இரண்டு சீசன் ஆட முடியவில்லை.

முதலில் தீர்க்க வேண்டியது பெயர்ச் சிக்கல். இதே அணி பாஸ்டனில் ரெட் ஸ்டாக்கிங்ஸ், பீன்ஈட்டர்ஸ் என்று அழைக்கப்பட்டது. டவ்வி சகோதரர்கள் கையில் இருந்தபோது டவ்ஸ், 1911இல் வில்லியம் ரஸ்ஸல் கையில் ரஸ்லர்ஸ். 1912இல்தான் பிரேவ்ஸ் ஆனது. நடுவே 1936 முதல் 1940 வரை பீஸ். ஊரும் மாறியது: 1953இல் மில்வாக்கி, 1966இல் அட்லாண்டா. பெயரை வைத்து ஃபில்டர் போட்டால் வரலாறு துண்டு துண்டாகிவிடும். அணிக்கு மாறாத ஒரு எண், பிறகு ஊர், பெயர், லீக் என நான்கு தனிப் பத்திகள் (column) வேண்டும்.

லீக் பத்தியைச் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. 1871 முதல் 1875 வரை அணி ஆடியது நேஷனல் அசோசியேஷன் என்ற பழைய தொழில்முறை லீகில். கடைசி நான்கு ஆண்டுகளும் கோப்பை பாஸ்டனுக்கே. 1875இல் 71 வெற்றி, 8 தோல்வி. ஆனால் இன்றைய மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் அந்த அமைப்பைப் பெரிய லீகாக ஏற்பதில்லை. அதிகாரபூர்வ மொத்தத்தோடு உங்கள் கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் முதலில் இந்த ஐந்து வரிகளைப் பாருங்கள். நேஷனல் லீக் கணக்கு 1876 ஏப்ரல் 22இல் பாஸ்டன் பிலடெல்பியாவை 6-5 என வென்ற ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது.

அந்த ஒரு ஆட்டத்திலேயே எக்செல் இரண்டு இடத்தில் கோளாறு செய்யும். 6-5 என்று தட்டினால் அதைத் தேதியாக்கிவிடும். ரன்களை இரண்டு பத்திகளில் பிரித்துப் போடுங்கள். 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். நாள் கணக்கு, வரிசைப்படுத்தல் எல்லாம் பிசகும். ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண் பத்திகள் வைத்தால் தொல்லை இல்லை.

அடுத்தது வெற்றி விகிதம். வெற்றியை ஆடிய ஆட்டங்களால் வகுப்பதுதான் பரவலாக நடக்கும் பிழை. வெற்றி, தோல்வி இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். டை ஆன ஆட்டங்கள் சேராது. 1914ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 158 ஆட்டம், 94 வெற்றி, 59 தோல்வி, 5 டை. சரியான விகிதம் 0.614, 158ஆல் வகுத்தால் 0.595 என்று இறங்கிவிடும். அந்த சீசனை அப்படிக் குறைத்துக் காட்டுவது அநியாயம். ஜூலை 4 அன்று 26-40 (வெற்றி-தோல்வி) என்று கடைசி இடத்தில் கிடந்த அணி, மீதி ஆட்டங்களில் 68-19 என்று எழுந்து வந்து, உலகத் தொடரில் பிலடெல்பியா அத்லெடிக்ஸை 4-0 என்று துடைத்தது. இந்த ஆண்டுக்கு மட்டும் ஒரு வரி போதாது. ஜூலை 4ஐ எல்லையாக வைத்து இரண்டு துணை வரிகள் சேர்த்தால்தான் நடந்தது புரியும்.

டை பத்தி ஏன் தேவை என்பதற்கு 1920 மே 1 இன்னொரு சாட்சி. புரூக்ளினுக்கு எதிராக 26 இன்னிங்ஸ், 1-1. ஜோ ஓஷ்கர், லியோன் கேடோர் என இரு தரப்பிலும் ஒரே பிட்சர் (பந்து வீசுபவர்) முழுதும் வீசினார். புள்ளிப்பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு இடமில்லை, ஆனால் வீரர்களின் தனிக்கணக்கில் எல்லாம் ஏறும்.

எத்தனை ஆட்டம் பின்தங்கியது என்பதற்கான கணக்கு இது: முதலிட அணியின் வெற்றியிலிருந்து நம் வெற்றியைக் கழித்து, நம் தோல்வியிலிருந்து அவர்கள் தோல்வியைக் கழித்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். சோதிக்க ஏற்ற ஆண்டு 1959. டாட்ஜர்ஸ் 88-68, பிரேவ்ஸ் 86-70. விடை 2 வர வேண்டும். அப்போது சீசன் 154 ஆட்டம்தானே, 156 எப்படி என்று குழம்ப வேண்டாம். முதலிடம் சமமானதால் நடந்த கூடுதல் ஆட்டங்களும் சீசன் கணக்கில்தான் சேரும். 154, 162 என்ற எண்ணைச் சூத்திரத்தில் நேரடியாக எழுதவே கூடாது. 1994இல் வேலைநிறுத்தத்தால் 114, 1995இல் 144, 2020இல் 60. உலகத் தொடரை வென்ற 2021இல்கூட 88-73, அதாவது 161தான்.

1994 வேறொரு வம்பும் செய்யும். 1991 முதல் 2005 வரை தொடர்ந்து 14 பிரிவுப் பட்டங்கள் (லீகின் உட்பிரிவில் முதலிடம்) என்பது இந்த அணியின் பெருமை. அந்த ஆண்டு யாருக்கும் பட்டம் இல்லாததால் அது தொடரை முறிப்பதாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அங்கே 0 போட்டால் தொடர் எண்ணும் சூத்திரம் மூன்றிலேயே அறுந்துவிடும். “தகுதி பெறவில்லை” என்பதும் “நடக்கவில்லை” என்பதும் வேறு வேறு மதிப்புகளாக இருக்கட்டும். உலகத் தொடர் நடக்காத 1904க்கும் அதே மதிப்புதான்.

பார்வையாளர் பத்தியில் 1952: 2,81,278, 1953: 18,26,397. தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். முதலாவது பாஸ்டன், இரண்டாவது மில்வாக்கி.

இப்போது நடப்பது வீரர்களின் ஷீட். ஹாங்க் ஆரோனின் 755 ஹோம் ரன்களை அப்படியே அணிக்கணக்கில் சேர்க்க முடியாது. பிரேவ்ஸுக்கு 733: மில்வாக்கியில் 398, அட்லாண்டாவில் 335. மீதி 22 மில்வாக்கி புரூவர்ஸுக்கு, அது வேறு அணி. வாரன் ஸ்பானின் 363 வெற்றிகளில் 356 மட்டுமே இங்கே வரும். எட்டி மேத்யூஸ் மூன்று ஊரிலும் இந்த அணிக்கு ஆடிய ஒரே வீரர். அவருக்கு மட்டும் ஊர் வாரியாக மூன்று வரிகள்.