மூக்கில் ஒட்டிய தேன்

களிமண் சிற்பத்துக்கு அச்சு எடுக்க, அதைப் பெட்டிக்குள் வைத்து மேலே திரவ சிலிகான் ரப்பரை ஊற்றியிருந்தேன். காலையில் அந்த அச்சுப் பெட்டியைப் பிரித்தேன். வெளிப்பக்கம் சிலிகான் ரப்பர் கச்சிதமாக இறுகியிருந்தது. சிற்பத்தைத் தொட்ட இடத்தில் மட்டும் தேனைப் போல இழுபட்டது.

மூன்று வாரம் செதுக்கிய முகம். மூக்கின் மேல் பிசுபிசுப்பு.

சிலிகானின் இரண்டு பாகங்களைக் கலந்த விகிதத்தைச் சந்தேகித்தேன். ஆனால் தராசில் நிறுத்துத்தான் கலந்தேன். வெளிப்பக்கம் இறுகியதே அதற்குச் சாட்சி.

குற்றவாளி களிமண். எண்ணெய்க் களிமண் சிலவற்றில் கந்தகம் இருக்கும். பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிகானுக்குக் கந்தகம் பரம எதிரி, வினையூக்கியையே முடக்கிவிடும். தகரச் சேர்மத்தால் இறுகும் வகை இதைச் சட்டை செய்யாது. லேடெக்ஸ் கையுறை பட்டாலும் பிளாட்டினம் வகைக்கு இதே கதிதான். (அதையும் நான் போட்டிருந்தேன்.)

சிலிகான் டப்பாவின் மேலேயே எச்சரிக்கை இருந்தது. டப்பாவை யார் படிக்கிறார்கள்?

நேற்றிரவு வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, 'இறுகிவிட்டது' என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அச்சு வேலையின் வினோதமே இதுதான்: முக்கியமான பக்கம் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கம். களிமண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு ஊற்றிச் சோதித்திருந்தால் முன்பே சொல்லியிருக்கும்.

இப்போது பழைய பல் துலக்கியால் மூக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இடது புருவம் போய்விட்டது.