பாறையில் மேயும் மாடுகள்: அயர்லாந்தின் பர்ரென்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வளைகுடாவுக்குத் தெற்கே இருக்கும் பர்ரென் பகுதிக்கு அக்டோபர் இறுதியில் போயிருந்தேன். குன்றுகள் யாவும் வெறும் சுண்ணாம்புப் பாறையாகவே தெரிந்தன. 1651-இல், அயர்லாந்தைப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படையைச் சேர்ந்த எட்மண்ட் லட்லோ, ஆளை மூழ்கடிக்கத் தண்ணீரோ, தூக்கிலிட மரமோ, புதைக்க மண்ணோ இல்லாத சீமை இது என்று குறை சொல்லிவிட்டு, மாடுகள் மட்டும் நன்கு கொழுத்திருப்பதாக எழுதினார். (படைத்தலைவரின் கவலைகளே தனி!)

மலைநாடுகளில் கோடையில்தான் மாடுகள் மேலேறும். இங்கே அது தலைகீழ். கோடை வெயிலை வாங்கி வைத்த பாறை குளிர்காலத்தில் மெல்ல வெப்பத்தை விடுவதாலும், மழைநீர் இடுக்குகளில் இறங்கிவிடுவதால் மாடு படுக்கும் இடம் சேறாகாததாலும், கறிக்கன்று ஈனும் பசுக்களை அக்டோபர் வாக்கில் குன்றுக்கு ஓட்டிவிடுகிறார்கள். செம்பசு ஒன்று குளம்பைப் பார்த்துப் பார்த்து வைத்து, பாறை வெடிப்புக்குள் நாக்கை நீட்டிப் பழுத்த புல்லைச் சுருட்டி இழுப்பதை அருகில் நின்று பார்த்தேன். அந்தப் பழம்புல் தீர்ந்தால்தான் வசந்தத்தில் நீல ஜென்ஷியனுக்கும் ஆர்க்கிடுகளுக்கும் வெளிச்சம் கிடைக்கும். அவை பூக்கும் காலத்தில் மாடுகள் கீழே இறங்கியிருக்கும்.

கொட்டகையும் சைலேஜும் (புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) பெருகியபோது மாடுகள் தீவனத்தொட்டியை விட்டு நகரவில்லை. மேயாத சரிவுகளை ஹேசல் புதர் பிடித்துக்கொண்டது. 2010-இல் தொடங்கிய திட்டமொன்று அதற்கு எடுத்த வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஏக்கர்க் கணக்கை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்தின் நிலைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, அதற்கேற்பப் பணம் கொடுத்தார்கள். திட்டத்தின் பெயர் மாறினாலும் அந்த முறை இன்றும் தொடர்கிறது. “மதிப்பெண்ணைக் கூட்டுவது எப்படி என்று யாரும் எனக்கு உத்தரவு போடுவதில்லை; அது என் பாடு” என்றார் எங்களை அழைத்துச் சென்ற பண்ணைக்காரர்.

இதனால், மாடுகள் வெளிவிட்டுப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவின் கணக்கு தீர்ந்துவிடாது. கன்றுகளில் பெரும்பாலானவை பால்குடி மறந்ததும் விற்கப்பட்டு, வேறு ஊர்ப் புல்வெளிகளில்தான் கொழுக்கின்றன. ஆகவே இப்பாறை நிலத்தில் குடும்பம் நடத்த மாட்டு விலை மட்டும் போதாது. அந்தப் பண்ணைக்காரரின் நிலத்தில் ஒரே ஊற்றைச் சுற்றி மாடுகள் மிதித்துக் குழப்பிய மூலைக்கு மதிப்பெண் குறைந்திருந்தது. அதனால் புதர் வெட்டும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஆண்டு மேற்சரிவில் தண்ணீர்த்தொட்டி வைக்கவே அவர் விண்ணப்பித்திருக்கிறார்.