வைவா அன்றைக்கு டீயும் பிஸ்கட்டும் போதும்

2024 ஆகஸ்டில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தது. முனைவர் பட்டம் வாங்க மேடையேறிய ஓர் ஆய்வாளர், ஆளுநர் கையில் ஒரு மனுவைக் கொடுத்தார். ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர்கள் (கைடுகள்) ஆய்வு மாணவர்களைத் தங்கள் சொந்த வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு சமயத்தில் பணமும் நகையும் எதிர்பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம்.

மறுநாள் எங்கள் துறை அறையில் அந்தச் செய்தியைப் படித்து ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "இதையெல்லாம் மேடையில போய்ச் சொல்லணுமா?" என்று மட்டும் ஒரு மூத்தவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் உறுத்தியது. வேறு எங்கே சொல்வது? பட்டம் கைக்கு வருகிறவரை அந்தப் பிள்ளையால் வாய் திறந்திருக்க முடியாது. அவர் பேசுவதற்குப் பாதுகாப்பான முதல் இடமே அந்த மேடைதான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். ஆய்வு நெறியாளராகவும் இருக்கிறேன். பல்கலைக்கழக ஊழல் என்றதும் பத்திரிகையில் வருகிற பெரிய கைதுகளைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு வைவா நாளைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியராகப் போகிற ஒருவர், அறிஞர் என்ற பெயர் வாங்குகிற அதே நாளில், கவரில் பணம் வைத்து நீட்டக் கற்றுக்கொள்கிறார். அடுத்த முப்பது வருடம் அவர் வகுப்பறையில் இருக்கப் போகிறார்.

முதலில், ஒரு நெறியாளரின் கையில் என்னென்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை போக வேண்டும். அதில் நெறியாளர் கையெழுத்து வேண்டும். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குகிற மாணவர் என்றால் மாதம் 37,000 ரூபாய் வரும். அந்தப் பணம் வருவதற்கு, இவர் ஒழுங்காக வருகிறார் என்று மாதாமாதம் நிறுவனத்திலிருந்து உறுதிப்படுத்த வேண்டும். அதற்கும் நெறியாளரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கிற சுருக்கமான சினாப்சிஸுக்கும் அவர் சம்மதம் வேண்டும். ஆய்வேட்டை மதிப்பிட யார் யாரை அழைக்கலாம் என்ற பெயர்ப்பட்டியலும் பெரும்பாலும் அவரிடமிருந்தே போகிறது. இவர் சரிப்படவில்லை, வேறு நெறியாளரிடம் மாறலாம் என்றால், அதற்கும் பழைய நெறியாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தைக் கேட்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நாலைந்து வருடம் ஒரே மனிதரின் பேனாவை நம்பி இருக்க வேண்டிய படிப்பு இது. அந்த மனிதர் நல்லவராக இருந்தால் வாழ்க்கை நன்றாக இருக்கும். இல்லையென்றால் பேங்க் வேலை, பிள்ளையை ஸ்கூலில் விடுவது, காஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பது எல்லாம் ஆய்வின் பகுதியாகிவிடும்.

என்னிடம் ஆய்வு செய்த ஒரு பெண், தாமிரபரணிக் கரையோரத் தாவரங்களைப் பற்றி எழுதியவள். பகுதிநேர ஆய்வாளர், ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை. அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறவர். வைவா தேதி வந்த வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சீனியர்கள் ஆளுக்கு ஆள் கைமாற்றிக் கொடுக்கிற செலவுப் பட்டியல் அது. வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வரும் புறத்தேர்வாளருக்கு ஏசி அறை, ரயில் நிலையத்திலிருந்து கார், மதியம் துறையில் உள்ள எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, சால்வைகள், போகும்போது ஒரு கிலோ அல்வா, அவர் கோயிலுக்குப் போக விரும்பினால் திருச்செந்தூருக்கு வண்டி. கடைசி இரண்டு வரிகளில் 'சாருக்குக் கவர்', 'கைடுக்கு' என்று இருந்தது. 'கைடுக்கு' என்பதற்கு எதிரே மட்டும் தொகை போடவில்லை. அதை என்னிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். மற்றதைக் கூட்டினாலே 70,000 ரூபாயைத் தாண்டியது. அரசுக் கலைக்கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கே மாதம் 25,000 ரூபாய்தான், அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. சுயநிதிக் கல்லூரியில் அவள் வாங்கியது அதைவிடக் குறைவு.

அம்மாவின் சங்கிலியை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். "நீங்க முதல்ல சங்கிலியைத் திருப்புங்கம்மா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், வர்றவருக்கும் வேண்டாம்" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. பயம்தான் வந்தது. "சும்மா அனுப்பினா அந்த சார் கோவத்துல எதையாவது எழுதிட்டாருன்னா என்னம்மா செய்ய? இத்தன வருசம் படிச்சிட்டாளே" என்றார்.

இந்தப் பயம்தான் மொத்த ஏற்பாட்டையும் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். வைவாவுக்கு ஒருவர் வருகிறார் என்றால், ஆய்வேட்டைப் படித்து, பட்டத்துக்குத் தகுதியானது என்ற அறிக்கை ஏற்கெனவே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அறிக்கைகள் சாதகமாக இருந்தால்தான் வைவாவே நடக்கும். அது பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். அத்தனை பேர் முன்னால், பிரியாணி வரவில்லை என்பதற்காக ஒருவர் ஆய்வைத் தூக்கி எறிந்துவிட முடியாது. புறத்தேர்வாளருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் தர வேண்டியது பல்கலைக்கழகம். மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதே ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டியிருக்கிறார். இரண்டாவது முறை கொடுக்க அவருக்கு ஒரு கடமையும் இல்லை.

வைவா நடந்தது. வந்தவர் நல்ல மனிதர். செடிகளை உலர்த்தி ஒட்டிய ஹெர்பேரியம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு புல் வகையை அடையாளம் கண்ட விதம் சரிதானா என்று கேட்டு அவளை நன்றாகவே உலுக்கினார். அவள் பூவின் பாகங்களைப் படம் வரைந்து காட்டிப் பதில் சொன்னாள். டீ, பிஸ்கட், மதியம் கல்லூரி கேன்டீனில் சாப்பாடு. அதற்கு நான் பணம் கொடுத்தேன். கவர் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவர் சொன்னது எனக்கு மறக்காது: "நல்லது மேடம். மத்த இடத்துல வேண்டாம்னு சொன்னா, பத்தலையோன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறாங்க."

வாங்க விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் தனியாக மறுக்க முடியவில்லை. வழக்கத்தை நெறியாளர்தான் உடைக்க முடியும், ஏனென்றால் மாணவருக்கு அந்தத் துணிவு வர வழியே இல்லை.

2020இல் கொரோனா சமயத்தில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைவாவைக் காணொலியில் நடத்த அனுமதித்தது. அந்த மாதங்களில் எங்கள் துறையில் நடந்த வைவாக்களில் காரும் இல்லை, அல்வாவும் இல்லை. கேள்விகள் இருந்தன, பதில்கள் இருந்தன, பட்டமும் வந்தது. அப்புறம் நேரில் கூடத் தொடங்கியதும் பழைய பட்டியல் அப்படியே திரும்பி வந்தது. தேர்வுக்கு அது தேவையே இல்லை என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டோம். இதற்கு மேல் "மரபு" என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

நெறியாளர்களை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட முடியாது. 2018 பிப்ரவரியில் அதே பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. ஓர் உதவிப் பேராசிரியரின் பணி தொடர்பாக 30 லட்சம் ரூபாய் கேட்டார், ஒரு லட்சத்தை ரொக்கமாகவும் மீதியைக் காசோலைகளாகவும் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. காசோலையில் லஞ்சம் என்று படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பிடிபடுவோம் என்ற எண்ணமே இல்லாத இடத்தில்தான் அப்படி வாங்கச் சொல்ல முடியும். எங்கள் பக்கத்திலும், உதவிபெறும் கல்லூரி வேலைக்கு இப்போது என்ன ரேட் என்று கல்யாண வீட்டில் சத்தமாகவே பேசிக்கொள்கிறார்கள். நிலத்தை விற்று அந்தப் பணத்தைக் கொடுத்து உள்ளே வந்த ஒருவர், அதை யாரிடமிருந்து திரும்ப எடுப்பார்? அவருக்குக் கீழே இருப்பது ஆய்வு மாணவர் மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது மாணவர்கள் பலருக்குத் தெரியவில்லை. 1988ஆம் வருடத்து ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் துணைவேந்தர், பேராசிரியர், விரிவுரையாளர், பல்கலைக்கழக ஊழியர் எல்லோரையும் சேர்த்திருக்கிறது. தேர்வு நடத்துவதற்காகப் பல்கலைக்கழகம் அழைக்கிறவரும் அதில் வருகிறார். அதாவது நெறியாளர், புறத்தேர்வாளர் இருவருமே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் அவர்மேல் குற்றம் இல்லை. கொடுப்பதற்கு முன்னாலேயே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லி, அவர்கள் வழிகாட்டுதலில் கொடுத்தாலும் குற்றம் இல்லை. யாராவது உங்களிடம் வெளிப்படையாகத் தொகை கேட்டால் வாட்ஸ்அப் செய்தி, தேதி, இடம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அந்த 7 நாள் கணக்கை மறக்காதீர்கள்.

ஆனாலும், போய்ப் புகார் கொடு என்று ஒரு மாணவரிடம் சொல்வது எனக்கு எளிதாக வரவில்லை. அவருடைய ஆறு மாத அறிக்கை அடுத்த வாரம் கையெழுத்துக்குக் காத்திருக்கும். வழக்கு வருடக்கணக்கில் போகும். அதனால் மாணவர் தலையில் வீரத்தைச் சுமத்தாமல் பல்கலைக்கழகமே செய்யக்கூடிய சில காரியங்களைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புறத்தேர்வாளரின் பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் வைவா நடந்த அன்றே வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். இப்போது பில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கார் செலவை மாணவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்பது அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம், ஒரே நாலைந்து பேர் ஒருவர் மாணவருக்கு இன்னொருவர் தேர்வாளராகச் சுற்றி வருவதைத் தடுக்க, ஒரு நெறியாளரின் மாணவர்களுக்கு எந்தெந்தத் தேர்வாளர்கள் வந்தார்கள் என்பதை வருடாவருடம் இணையதளத்தில் போட வேண்டும். ஆய்வேடுகளே சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பில் எல்லோரும் படிக்கும்படி கிடக்கின்றன. இந்தப் பட்டியலை மட்டும் மறைத்து வைக்கக் காரணம் இல்லை. நெறியாளர் மாற்றத்தை முடிவு செய்ய நெறியாளரே இல்லாத ஒரு குழு வேண்டும். ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து போகிற வைவா அறிவிப்பிலேயே "மாணவர் உணவு, பரிசு, பணம் எதுவும் தரக் கூடாது" என்று ஒரு வரி அச்சிட வேண்டும். அந்த ஒரு வரி, அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னதைவிட அதிக தைரியம் கொடுக்கும்.

இவற்றைக் கடிதமாக எழுதி எங்கள் ஊர்ப்பக்கத்து நெறியாளர்கள் சிலரிடம் கையெழுத்து கேட்டேன். சிலர் உடனே போட்டார்கள். சிலர், "கருத்து சரிதான் மேடம், பேரு மட்டும் வேண்டாம்" என்றார்கள். பெயர் போட்டவர்களோடு கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது. அறிவிப்பில் அந்த வரி வரும்வரை, என்னிடம் பதிவு செய்கிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே அதை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன், கீழே என் கையெழுத்தோடு. வேறு துறை நெறியாளர்கள் யாராவது இதைச் செய்ய விரும்பினால் சொல்லுங்கள், என் தாளின் நகலை அனுப்புகிறேன்.