இரண்டாவது அளவு

"எழுதினாயா?" என்று அவர் கேட்டார். "எழுதினேன்" என்றேன். இந்தப் பேச்சு நடந்து 2 வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பசிபிக் கடலில் கிரிபாட்டி நாட்டின் தெற்கு கில்பர்ட் தீவுகளில் ஒன்று, பெயர் வேண்டாம். அவர் அந்தத் தீவின் விமான ஏஜெண்ட். டிக்கெட் கொடுப்பது, ஆளையும் மூட்டையையும் தராசில் நிறுத்துவது, ரேடியோவில் தலைநகரான தாராவாவோடு பேசுவது, விமானம் வருமுன் பாதையிலிருந்து பன்றிகளையும் பிள்ளைகளையும் விரட்டுவது, எல்லாம் அவர்தான். நான் ஓடுபாதை மண்ணைச் சோதிக்கப் போன சிவில் எஞ்சினியர்.

பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம், அதாவது கடல் ஏற்றம். இரவு மழையும் பெய்திருந்தது. காலை 7 மணிக்குக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், எளிதாக இறங்கியது. ட்ரக்கை ஓட்டிப் பார்த்தோம், சக்கரத் தடம் நன்றாகவே பதிந்தது. பவளச் சுண்ணாம்பு மண்ணை நனைத்து உருளை ஏற்றினால் சிமெண்ட் போல இறுகும், அதை நம்பித்தான் இந்தப் பாதைகளே இருக்கின்றன. ஆனால் பவளத் தீவில் நிலத்தடி நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் ஏறினால் அதுவும் ஏறும். மேலே மழை, கீழே ஓதம், இடையில் பாதை.

8 மணிக்கு ரேடியோவில் முடிவைச் சொல்ல வேண்டும். வெளித்தீவில் எரிபொருள் நிரப்ப வழியில்லை, திரும்பிப் போவதற்கானதையும் விமானமே சுமந்து வர வேண்டும். இறங்க முடியாமல் திரும்பினால் அன்றைக்கு இன்னொரு தீவின் பயணமும் போகும். அதனால் கிளம்புவதற்கு முன்பே தெரிய வேண்டும். என் படிவத்தில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: திறப்பு, மூடல்.

"கடல் வற்றட்டும். 11 மணிக்கு மறுபடி குத்திப் பார். விமானத்தை ஆள் குறைத்து வரச் சொல்லலாம், ஒரே ஒருவர் போனால் போதும்" என்றார் அவர்.

அந்த ஒருவர் பக்கத்துக் கொட்டகையில் பாயில் படுத்திருந்தார். சர்க்கரை வியாதி, காலில் புண், கட்டைத் தாண்டி வாடை அடித்தது. தாராவா ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அங்கே 'புபுஸி' என்று ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர் ஒன்றைக் கேட்டால் மறுக்கக்கூடாது. ஏஜெண்ட் என்னைப் பார்த்து, "நீ எங்கள் ஆளாக இருந்தால் புபுஸி என்று கேட்டிருப்பேன். நீ இல்லை. அதனால் கேள்வியாகத்தான் கேட்கிறேன்" என்றார். எனக்கு அது பெரிய மரியாதையாக இன்றும் தோன்றுகிறது. என்னை நெருக்காமல், என் வேலையை என்னிடமே விட்டுவைத்தார்.

நான் மூடல் என்றேன். கடல் இறங்கினாலும் நிலத்தடி நீர் உடனே இறங்காது, தாமதித்துத்தான் இறங்கும். 11 மணிக்கு இறுகும் என்று 8 மணிக்கு எப்படிச் சொல்ல முடியும்? முன்சக்கரம் புதைந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு யார் பொறுப்பு? அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன், இன்றைக்கும்.

ஆனால் பதினொன்றரைக்கு நான் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன், யாரும் சொல்லாமலே. வடக்குப் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு இறுகியிருந்தது. தெற்கு முனை இன்னும் கொழகொழவென்றுதான் இருந்தது. அங்கே வரும் ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானத்துக்கு, அதுவும் எடை குறைவாக வந்தால், நீளமான பாதை தேவையில்லை. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். நிமிர்ந்தால் அவர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அப்போதுதான் கேட்டார், எழுதினாயா என்று.

நோட்டில் எழுதியிருந்தேன், அது பொய் இல்லை. ஆனால் அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் 7 மணி அளவு மட்டும்தான் இருந்தது. படிவத்தில் ஒரு வரிதான் இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு உண்மை: இரண்டாவது அளவைச் சேர்த்தால் என் முதல் முடிவு அவசரப்பட்டதாகத் தெரியும்.

அடுத்த விமானம் 4 நாள் கழித்து வந்தது. புண்காரர் அதில் போனார். பாதத்தை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த 4 நாளால்தானா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன், அப்படிப்பட்ட புண்ணில் சொல்ல முடியாது என்றார். ஒரு விமானியிடம் தீவின் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். "வடக்கு முனை இறுகியிருந்தால் பாதி ஆளோடு இறங்கியிருக்கலாம்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இல்லை, இரவு மழை பெய்த பாதை என்றால் நான் போக மாட்டேன்" என்றார். இரண்டு பதிலும் எனக்கு உதவவில்லை.

சரி, பதினொன்றரைக்கு அறிக்கையை மாற்றியிருந்தாலும் அன்றைய விமானம் வந்திருக்காது, அது வேறு தீவுக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த முறை பெரிய ஓதத்தில் காலையில் குத்திப் பார்க்கிறவனுக்கு அந்த எண் தேவை. இந்தத் தீவுகளில் ஓடுபாதை வெறும் பாதை இல்லை. மார்ஷல் தீவுகளின் தலைநகர் மஜுரோவில் ஓடுபாதையில் விழும் மழையைத்தான் பிடித்துக் குடிநீராக்குகிறார்கள். துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுதியில் 1943இல் அமெரிக்கப் படை போட்ட பாதையில் மாலையானால் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், விமானம் வருகிறதென்றால் சைரன் ஊதி விலக்குகிறார்கள். ஊரே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. கடல் எப்போது ஏறும், எவ்வளவு நேரத்தில் எந்த முனை முதலில் இறுகும் என்பது அந்த ஏஜெண்டுக்கு நாள்கணக்கில் நின்று பார்த்துத் தெரியும். அதை எண்ணாக்கி மேலே அனுப்புவதுதான் என் வேலை. அந்த எண் என் கையில் இருந்தது.

போன மாதம் அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். படிவத்தில் நேரத்துக்கும் ஓதத்துக்கும் இடம் வேண்டும், ஒரே நாளில் இரண்டு முறை அளக்க வேண்டும், 'எடை குறைத்து வரலாம்' என்று மூன்றாவது கட்டம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அன்றைய இரண்டாவது அளவையும் தேதியோடு சேர்த்தேன். அப்போதே ஏன் அனுப்பவில்லை என்பதற்கு ஒரு வரி எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.