எங்க ஊர்க்காரர் போன வழி

ரிஷிகேஷ் தாண்டி மலை ஏறத் தொடங்கி நாலைந்து வளைவுகூட ஆகவில்லை, நார்த்தங்காய் டப்பா திறந்துவிட்டது. பின் சீட்டு மாமி ஆளுக்கொரு துண்டு கிள்ளி முன்னால் அனுப்பினார். டிரைவருக்கும் ஒன்று போனது. அவர் சமோலி மாவட்டத்துக்காரர். வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார், கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார், அப்புறம் கையைப் பின்னால் நீட்டி இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேனில் நாங்கள் பதினோரு பேர். தில்லி மயூர் விஹாரில் சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லும் குழு எங்களுடையது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பத்ரிநாத் சந்நிதியிலேயே சொல்ல வேண்டும் என்று ஆடி மாதமே பேசி முடித்து, யாத்திரைக்குப் பெயர் பதிந்து, பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்றை அமர்த்தினோம். வியாழக்கிழமை விடிகாலை நாலு மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் போட்டுக் கிளம்பினோம்.

அம்மாவுக்கு 76 வயது. 1971-ல் கல்யாணமாகி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புக்கு வந்தவர். பிறந்த ஊர் சீர்காழிப் பக்கம், திருநாங்கூருக்கு அருகில். திருமங்கையாழ்வார் அவதரித்த திருக்குறையலூர் அங்கேதான் இருக்கிறது. அதனால் அம்மாவுக்கு ஆழ்வார் எப்போதும் 'எங்க ஊர்க்காரர்'. பக்கத்துத் தெருப் பெரியவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

"எட்டெழுத்து மந்திரம் கெடச்ச சந்தோஷத்தில 'வாடினேன் வாடி'ன்னு பத்துப் பாட்டு பாடினார். அடுத்த பத்து எது தெரியுமோ? பிரிதி. அதுக்கடுத்தது வதரி, அதான் பத்ரி. நாங்கூர் எல்லாம் ரொம்பத் தள்ளித்தான். சொந்த ஊரை விட்டுட்டு முதல்ல ஹிமாசலத்துக்கு ஓடியிருக்கார் பாரு."

சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வேனில், ஒரு பக்கம் செங்குத்தான பாறையும் மறு பக்கம் கங்கையுமாகப் போய்க்கொண்டிருந்தபோது கேட்டதுதான் மனதில் தைத்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தில்லியில் இருந்தும் அம்மா இந்த வழியில் வந்ததில்லை. அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார், ரிட்டையர் ஆனதும் போகலாம் என்று. ரிட்டையர் ஆனார், பேரன் பிறந்தான், அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அம்மாவை நான் பத்து வருஷத்துக்கு முன்பே அழைத்து வந்திருக்க வேண்டும். இப்போது இரண்டு வருஷமாகக் கையில் மடக்குக் கோல் இல்லாமல் அம்மாவால் நடக்க முடிவதில்லை. பெரியவர்களை வைத்துக்கொண்டு நாள் தள்ளிப் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், அவர்களால் பத்து மணி நேரம் வேனில் உட்கார முடியும்போதே கிளம்பிவிடுங்கள்.

தேவப்பிரயாகையில் அதன் வலியை நேராகவே பார்த்தேன். பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பதினொரு பாசுரம் பாடிய திவ்யதேசம் இது. பாகீரதியும் அலக்நந்தாவும் இங்கே கூடிய பிறகுதான் நதிக்குக் கங்கை என்று பெயர். இரண்டு நதிகளும் இரண்டு நிறமாக வந்து, கலந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனியாகத் தெரிகின்றன. ரகுநாத்ஜி கோயிலுக்குச் சாலையிலிருந்து இறங்கி, தொங்கு பாலம் தாண்டி, மறுபடி படி ஏற வேண்டும். அம்மா படிகளைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், சாலையோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்கோ. எனக்கு இங்கேர்ந்தே கோபுரம் தெரியறது." நான் சங்கமத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு சொம்பு தீர்த்தம் எடுத்துவந்து அம்மா தலையில் தெளித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பெரியாழ்வாரின் பதினொரு பாட்டையும் சொல்லி முடித்தார். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒரு சொல்கூட அவருக்குத் தடுமாறவில்லை.

அன்று இரவு ஸ்ரீநகரில் தங்கினோம். காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, கட்வால் ஸ்ரீநகர். மறுநாள் காலை ருத்ரப்பிரயாகை நோக்கிப் போகும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்து, நதியின் நடுவே தூண்கள்மேல் நிற்கும் தாரி தேவி கோயிலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மலைவழி யாத்திரைக்கு அவள்தான் காவல் என்பது இந்த ஊர் நம்பிக்கை. 2013 ஜூனில் அணைக்காகத் தேவியின் மூர்த்தத்தைப் பழைய இடத்திலிருந்து எடுத்தார்கள். அடுத்த ஓரிரு நாளிலேயே கேதாரத்தில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. அதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வேனில் யாரும் பேசவில்லை. பிறகு மாமா ஒருவர் மெல்ல 'விச்வம் விஷ்ணு' என்று தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டோம்.

அந்தச் சாலையில் சகஸ்ரநாமம் சொல்வது வேறு மாதிரி அனுபவம். வளைவுக்கு வளைவு உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, குரலும் கூடவே சாய்கிறது. எதிரே பஸ் வந்தால் வேன் பின்னால் நகர்ந்து பாறையோடு ஒட்டி நிற்கும், சுலோகம் பாதியில் நிற்கும், பஸ் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அலக்நந்தா ஒரு பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம், பாலம் தாண்டினால் வலப்பக்கம். ருத்ரப்பிரயாகையில் கேதாரத்திலிருந்து வரும் மந்தாகினியும், கர்ணப்பிரயாகையில் பிண்டார் நதியும், நந்தப்பிரயாகையில் நந்தாகினியும் அதில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கூடலிலும் வேனை நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாகவே அம்மா கைகூப்பினார்.

சமோலி தாண்டியதும் சாலை அடைத்திருந்தது. முதல் நாள் மழையில் மேலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து பாதையை மூடியிருந்தன. ஜேசிபி ஒன்று அள்ளி அள்ளி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நூறு வண்டியாவது நின்றிருக்கும். ஐந்து மணி நேரம். முதலில் கவலையாக இருந்தது, அப்புறம் எல்லோரும் இறங்கினோம். ஹேம்குண்ட் சாஹிப் போகிற சீக்கிய இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கற்களை அடுப்பாகக் கூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் புளியோதரை கொடுத்தோம், அவர்கள் எங்கள் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். தில்லியில் பழகிய ஹிந்தியில் அம்மா அவர்களிடம், யார் வீட்டில் அம்மா இருக்கிறாள், அவளையும் ஏன் அழைத்து வரவில்லை என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கியது. எதிர் மலை முழுதும் மறைந்துபோனது. எங்கோ மேலே இடி உருண்டது. அம்மா என் கையைப் பிடித்தார்.

"கேட்டியோ? இதைத்தான் பாடியிருக்கார்."

பிரிதிப் பாசுரம் ஒன்று. கரிய மேகக் கூட்டம் முழங்குகிறது. அதை யானை என்று நினைத்துப் பெரிய மலைப்பாம்பு, ஒரு மலையே பெயர்ந்து வருவது போல் நகர்கிறது. 'பெரிய மாசுணம் வரை எனப் பெயர்தரு பிரிதி சென்று அடை நெஞ்சே'. அம்மாவின் அப்பா திண்ணையில் வைத்து இதைச் சொல்லிக் கொடுத்தாராம். கண்ணுக்கு எட்டியவரை வயல். மேடு என்றால் வாய்க்கால் கரைதான். "மாசுணம்னா என்னப்பான்னு கேட்டேன். மலைப்பாம்புன்னார். மலையையே பார்க்காத பொண்ணு, மலைப்பாம்பை எங்கே பார்த்தேன்? அர்த்தம் தெரியாமலே அறுபது வருஷமா சொல்லிண்டிருக்கேன்." எதிரே மலைச்சரிவில் சாலை வளைந்து வளைந்து மேகத்துக்குள் போய், இன்னும் உயரே வேறோர் இடத்தில் வெளியே வந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வழி திறந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மலையில் ராத்திரி ஓட்ட மாட்டேன் என்று டிரைவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. பிபல்கோட்டியில் கிடைத்த இரண்டு அறைகளில் பதினோரு பேரும் படுத்துக்கொண்டோம். சனிக்கிழமை மூன்று மணிக்கு எழுந்து, வெந்நீரில் குளித்து, பொழுது புலர்ந்ததும் கிளம்பி ஜோஷிமட் போய்ச் சேர்ந்தோம்.

பெரியவர்கள் பலர் திருப்பிரிதி என்று சொல்வது இந்த ஊரைத்தான். ஆதிசங்கரர் மடம் நிறுவிய ஜோதிர்மடமும் இதுவே. நரசிம்மர் கோயில் சாலைக்குக் கீழே இருக்கிறது. இந்த முறை அம்மா, "வரேன்" என்றார். ஒரு பக்கம் அண்ணா, ஒரு பக்கம் கோல். சாளக்கிராமத் திருமேனியில் சிறிய நரசிம்மர், அமர்ந்த கோலம், எவ்வளவு சாந்தம்! அவருடைய ஒரு கை வருஷத்துக்கு வருஷம் மெலிந்து வருகிறது, அது ஒடியும் நாளில் பத்ரிக்குப் போகும் வழி அடைந்துவிடும், பெருமாள் பவிஷ்ய பத்ரியில் காட்சி கொடுப்பார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. குளிர்காலத்தில் பத்ரி நடை சாத்தியிருக்கும்போது பூஜை நடப்பதும் இங்கேதான்.

வெளியே வந்து பார்த்தால் சுவர்களில் விரிசல். 2023 ஜனவரியில் இந்த ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகள் பிளந்து, மக்கள் நடுக்கும் குளிரில் வெளியேறினார்கள். ஊரே பழைய மண்சரிவின்மேல் நிற்கிறது, கனத்த கட்டடங்கள் வேண்டாம் என்று 1976-லேயே ஒரு அரசுக் குழு எச்சரித்திருந்தது. நாம் கேட்கவில்லை. நரசிம்மரின் மெலிந்த கையைச் சேவித்துவிட்டு வந்த கண்ணால் அந்த விரிசல்களைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாத்திரை என்று வருகிற நாமும் இந்த மலைக்குப் பாரம்தான். வேனில் சேர்ந்த பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டித் தில்லிக்கே திரும்பக் கொண்டுவந்தோம். அதையாவது செய்தோம்.

விஷ்ணுப்பிரயாகையில் தவுளிகங்கை வந்து சேர்கிறது. அதற்குமேல் பள்ளத்தாக்கு குறுகி, அனுமான் சட்டி தாண்டி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினது போல ஏறுகின்றன. மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. காது அடைத்தது. ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு அகன்று, வெயில் பட்ட பனிமலையும் கீழே தகரக் கூரைகளும் தெரிந்தன. டிரைவர்தான் முதலில் சொன்னார், "ஜெய் பத்ரி விஷால்!" வேனில் அழாதவர்கள் யாரும் இல்லை.

கடல்மட்டத்திலிருந்து 3,100 மீட்டர் உயரம். நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கூடையில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அம்மா அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். பாலத்தில் ஒரு முறை, தப்தகுண்டத்து வெந்நீர் ஊற்றருகே ஒரு முறை, படிகளில் நான்கு முறை நின்றார். குண்டத்துத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டபோது கையிலிருந்து ஆவி எழுந்தது.

உள்ளே பத்மாசனத்தில் கறுப்புச் சாளக்கிராமத் திருமேனி. எத்தனையோ திவ்யதேசங்களில் நின்றும் கிடந்தும் சேவை சாதிக்கிறவர், இங்கே தவசி போல அமர்ந்திருக்கிறார். கேரளத்து நம்பூதிரியான ராவல்தான் இங்கே தலைமை அர்ச்சகர். எங்கள் பின்னால் கூட்டம் நெருக்கியது, 'ஆகே சலோ' என்று குரல் கேட்டது. அம்மா கோலை என் கையில் கொடுத்தார். இரண்டு கையும் கூப்பித் தொடங்கினார்.

'முற்ற மூத்துக் கோல் துணையா முன்னடி நோக்கி வளைந்து...'

முழுக்க மூத்து, கோலே துணையாகி, அடுத்த அடி எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்து நடக்கும் காலம் வருவதற்கு முன்னால் வதரியை வணங்குவோம் என்கிறார் ஆழ்வார். அம்மாவின் கோல் என் கையில் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துப் பாட வரவில்லை. அம்மா மட்டும் குரல் உடையாமல் 'வதரி வணங்குதுமே' வரை சொன்னார். தள்ளிவிட வந்த காவலர் ஒருவர், அம்மா முடிக்கும்வரை கையை இறக்கிக்கொண்டு நின்றார்.

மதியம் பிரம்மகபாலத்தில் அண்ணா அப்பாவுக்குப் பிண்டம் போட்டார். சாயங்காலம் கோயிலைப் பார்த்த கட்டடத் திண்ணையில் உட்கார்ந்து பதினோரு பேரும் சகஸ்ரநாமம் சொன்னோம். கை விறைத்து யாருக்கும் புத்தகம் புரட்ட முடியவில்லை, தேவையும் படவில்லை.

ஞாயிறு காலை இறங்கும்போது அம்மா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மீதியிருந்த நார்த்தங்காய் டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டார். அனுமான் சட்டி வந்திருக்காது, திரும்பிப் பார்த்து என்னைக் கேட்டார்.

"வதரி ஆச்சு. அடுத்த பத்து எதுடி?"

"சாளக்கிராமம். முக்திநாத்னு சொல்றாளே, அது."

"அது நேபாளத்திலன்னா இருக்கு?" கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் ஹிந்தியில், முக்திநாத் வரைக்கும் வேன் போகுமா என்று விசாரிக்கத் தொடங்கினார்.